ஏழை மாணவரின் தோழர் தொன் போஸ்கோ

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

பெரியோர் வரலாற்றை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். சிறு வயதில் ஒரு முறை. சற்று விவரம் தெரிந்த பின் ஒரு முறை. முதல் முறை படிக்கும்போது நாம் அந்தப் பெரியவரை மட்டுமே பார்க்கிறோம். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களும் நம் கண்ணில் படுகிறார்கள். தொன் போஸ்கோவின் வரலாற்றை நான் அப்படித்தான் படித்தேன். அதை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பள்ளியும் அதன் வழக்கங்களும்

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை விடுதியில் தங்கி நான் படித்தது ஒரு கத்தோலிக்கப் பள்ளி. நாங்கள் கிறித்தவர்கள் அல்லர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பத்தாம் வகுப்பைத் தாண்டியவரும் இல்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய் ஆகியவற்றோடு நான் அங்கே போய் இறங்கினேன். பார்த்ததெல்லாம் புதுமையாக இருந்தது.

விடியற்காலையில் மணி அடிக்கும். வகுப்பு தொடங்கும் முன் எல்லாரும் வரிசையில் நின்று செபம் சொல்ல வேண்டும். கிறித்தவ மாணவர்களுக்கு மறைக்கல்வி நடக்கும். அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. மாலையில் விளையாட்டு மணி அடித்துவிட்டால் அறையில் ஒருவரும் இருக்கக் கூடாது. தலைமையாசிரியராகிய பாதரே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு பந்தை உதைப்பார். பள்ளியின் பின்கட்டில் தச்சுப் பட்டறை ஒன்றும், தையல் எந்திரங்கள் நாலைந்தும் இருந்தன. இரவுச் செபம் முடிந்ததும் விடுதிப் பொறுப்பாளர் ஐந்து நிமிடம் பேசுவார். அன்றைக்கு நடந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லி, அதிலிருந்து ஒரு நல்ல எண்ணத்தை எடுத்துக் காட்டி, இரவு வணக்கம் சொல்லி முடித்துவிடுவார். அதற்குப் பின் யாரும் பேசாமல் போய்ப் பாயை விரிக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு நாங்கள் குட்நைட் என்றே பெயர் வைத்திருந்தோம்.

பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்கு மைதானத்தில் என்ன வேலை? தூங்கப் போகும் பிள்ளைகளுக்கு எதற்கு ஒரு பேச்சு? பாடம் படிக்கும் இடத்தில் இழைப்புளிக்கும் தையல் எந்திரத்துக்கும் என்ன தேவை? இக்கேள்விகள் எனக்குள் இருந்தன. இவற்றுக்கெல்லாம் விடை இத்தாலி நாட்டில் வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆண்டுதோறும் ஜனவரி 31ஆம் நாள் தொன் போஸ்கோ திருநாள். அன்று பாடம் கிடையாது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கபடிப் போட்டி நடக்கும். மாலையில் அவருடைய இளமைக்கால வாழ்க்கை நாடகமாக நடக்கும். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது வயதுக்கு மீறிய உயரமாக இருந்ததால் அந்தோனியோ வேடம் எனக்குக் கிடைத்தது. அந்தோனியோ யார் என்றால், தம்பியைப் படிக்கவிடாமல் தடுத்த அண்ணன். நான் மேடையில் தம்பியின் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தேன். கூட்டம் முழுவதும் கூச்சலிட்டது. எனக்கு ஒரே பெருமை.

என் அண்ணன் பட்டறையில் அரைநாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த நாடகத்தைப் பார்க்க வந்திருந்தார். நகத்துக்குள் கிரீஸ் கறை இருந்தது. நாடகம் முடிந்து வாயிற்கதவு வரை அவரோடு நடந்தேன். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தம்பி படிக்கப் போய்விட்டால் அந்த நிலத்தை யார் உழுதார்கள் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவர் பேருந்து ஏறிப் போய்விட்டார்.

பெக்கி என்னும் சிற்றூர்

இத்தாலியின் வடமேற்குப் பகுதியில் பியேமோந்தே என்று ஒரு நாடு. துரின் அதன் தலைநகர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள மலைச்சரிவில் பெக்கி என்ற சிற்றூர். 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அவ்வூரில் ஓர் உழவர் குடும்பத்தில் ஜான் போஸ்கோ பிறந்தார். தொன் என்பது பெயர் அன்று. இத்தாலியில் குருக்களுக்கு முன்னால் சேர்த்துச் சொல்லும் மரியாதைச் சொல். ஜான் இரண்டு வயது நிறைவதற்குள், 1817 மே மாதத்தில், தந்தை பிரான்செஸ்கோ நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். அதே ஆண்டில் மழை பொய்த்தது. நாட்டில் பஞ்சம் வந்தது. இருபத்தொன்பது வயதில் கைம்பெண்ணாகிய தாய் மார்கரீத்தாவின் பொறுப்பில் முதுமை எய்திய மாமியாரும் மூன்று ஆண் பிள்ளைகளும் இருந்தனர்.

அந்த மூவரில் இளையவர் ஜான். நடுவில் ஜூசெப்பே. மூத்தவர்தான் அந்தோனியோ. அவர் பிரான்செஸ்கோவின் முதல் மனைவிக்குப் பிறந்தவர். எங்கள் நாடகத்தில் இந்த விவரம் ஒரு வரியில் வந்து போகும். அந்தோனியோவுக்கு மூன்று வயதில் தாய் போனார். ஒன்பது வயதில் தந்தை போனார். அந்த வயதிலேயே மண்வெட்டி அவர் கைக்கு வந்துவிட்டது. மார்கரீத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் நல்லறிவு நிறைந்தவர். மூன்று பிள்ளைகளையும் தம் வயிற்றில் பிறந்தவர்களாகவே வளர்த்தார். இருந்தாலும் வயலில் பாதி ஆளாக உழைத்தவன் அந்த ஒன்பது வயதுச் சிறுவன்தான்.

ஜானுக்கு ஒன்பது வயதளவில் ஒரு கனவு வந்தது. வீட்டருகே பல சிறுவர்கள் சண்டையிட்டுக் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜான் பாய்ந்து அவர்களைக் குத்துகிறான். அப்போது ஒளி பொருந்திய ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, அன்பால்தான் இவர்களை நண்பர்களாக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். விடிந்ததும் ஜான் அதை வீட்டில் சொன்னபோது ஆளுக்கொரு பொருள் கூறினார்கள். இவன் ஆடு மேய்ப்பான் என்றார் ஜூசெப்பே. குருவாகக்கூடும் என்று எண்ணினார் தாய். கொள்ளைக் கூட்டத் தலைவன் ஆவான் என்றார் அந்தோனியோ. கனவையெல்லாம் நம்பக் கூடாது என்று முடித்துவிட்டார் பாட்டி. அந்தக் கனவு மட்டும் தம் நெஞ்சைவிட்டு அகலவில்லை என்று ஜான் முதுமையில் எழுதி வைத்திருக்கிறார்.

ஊருக்கு வந்த கழைக்கூத்தாடிகளைக் கூர்ந்து பார்த்து, அவர்களுடைய வித்தைகளை ஜான் தாமே பழகிக்கொண்டார். இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதன்மேல் நடப்பார். செப்பிடு வித்தை காட்டுவார். வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்கள் காசு தர வேண்டாம். நடுவில் செபமாலை சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் கேட்ட பிரசங்கத்தை அவர் திருப்பிச் சொல்லும்போது பொறுமையாகக் கேட்டால் போதும். மைதானத்தில் பந்து உதைக்கும் பாதர்களுக்கு மூலபுருஷர் இந்தக் கயிற்றின்மேல் நடந்த சிறுவன்தான்.

படிப்புக்காகப் பட்ட பாடு

ஜான் புத்தகத்தை எடுத்தாலே வீட்டில் புயல். தான் படிக்காமலேயே பெரியவனாகிவிட்டதாகச் சொல்லி அந்தோனியோ சீறுவார். வீட்டில் அமைதி வேண்டி, வேறு வழியின்றி, மார்கரீத்தா தம் கடைசிப் பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் ஒரு குளிர்காலத்தில் வெளியே வேலைக்கு அனுப்பினார். துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்ட சிறுவன், மோலியா என்னும் குடும்பத்தாரின் பண்ணையில் மாடு மேய்க்கும் கூலியாளாகச் சேர்ந்தான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன.

1829இல் வீடு திரும்பிய ஜானைக் கலோசோ என்னும் முதிய குரு சந்தித்தார். பிரசங்கத்தை அப்படியே ஒப்பித்த சிறுவனின் நினைவாற்றலைக் கண்டு வியந்து, தாமே அவனுக்கு இலத்தீன் கற்பிக்க முன்வந்தார். அடுத்த ஆண்டே அவர் நோயுற்று இறந்துபோனார். சாகும் தறுவாயில் தம் பணப்பெட்டியின் சாவியை ஜானிடம் கொடுத்துச் சைகை காட்டினார். அந்தப் பணம் இருந்தால் படிப்புக் கவலையே இல்லை. ஆயினும் உறவினர்கள் வந்தபோது ஜான் சாவியை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். பதினைந்து வயதுப் பிள்ளை!

பின்னர்ச் சொத்துப் பிரிவினை நடந்து அந்தோனியோ தனியே போனார். ஜான் முறையான பள்ளிக்குப் போனார். முதலில் காஸ்தெல்நுவோவோவில். காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்குமாக இரண்டு முறை போய்வர, நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் நடை. பிறகு 1831இல் கியேரி நகரம். பதினாறு வயதில் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு கீழ்வகுப்பில் உட்கார்ந்தார். படிப்புச் செலவுக்காகத் தையல்காரரிடம் வேலை பார்த்தார். காப்பிக் கடையில் பணியாளாக இருந்தார். அங்கே அடுப்புக்கு மேலே இருந்த குறுகிய இடத்தில் படுத்துறங்கினார். இத்தனைக்கு இடையிலும் சோர்ந்த முகத்தோடு திரியவில்லை. மகிழ்ச்சிக் கழகம் என்ற பெயரில் மாணவர்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தார். அதில் விதி இரண்டுதான்: கிறித்தவனுக்குத் தகாத எதையும் பேசவோ செய்யவோ கூடாது, பள்ளிக் கடமையையும் சமயக் கடமையையும் தவறாமல் செய்ய வேண்டும். 1835இல் குருமடத்தில் சேர்ந்து, 1841 ஜூன் 5ஆம் நாள் துரின் நகரில் குருவானார்.

சிறைச்சாலையும் தெருவும்

துரின் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. மலை ஊர்களிலிருந்து சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து கல் சுமந்தார்கள், சுண்ணாம்பு குழைத்தார்கள், புகைக்கூண்டு துடைத்தார்கள். வேலையில்லாத நாளில் தெருவில் திரிந்தார்கள். கப்பாசோ என்னும் குருவின் வழிகாட்டுதலில் இளம் போஸ்கோ சிறைகளைப் பார்க்கச் சென்றார். அங்கே பதின்வயதுப் பிள்ளைகள் பேன் கடித்துப் பட்டினியாகக் கிடந்ததையும், விடுதலையான சிலர் மீண்டும் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்ததையும் கண்டு கலங்கினார். வெளியே வந்தவுடன் கைப்பிடிக்க ஒருவர் இருந்திருந்தால் இவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

1841 டிசம்பர் 8ஆம் நாள். ஆலயத்தின் உடைமாற்றும் அறையில் அவர் பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கி வந்த ஒரு பையனுக்குப் பூசை உதவி செய்யத் தெரியவில்லை என்று கோயில் பணியாளர் அவனை அடித்து விரட்டினார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். பெயர் பர்த்தொலோமேயோ கரேல்லி. கொத்து வேலை செய்பவன். தாய் தந்தை இல்லை. படிக்கத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது. பாடத் தெரியுமா, தெரியாது. சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அடுத்த ஞாயிறு அவன் தன் தோழர்களோடு வந்தான். அவர்கள் வேறு சிலரை அழைத்து வந்தார்கள்.

நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கூடினால் இரைச்சல் இல்லாமல் இருக்குமா? அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். ஓர் இடத்திலிருந்து துரத்தினால் இன்னோர் இடம். கல்லறைத் தோட்டத்துக் கோயில், மாவு மில், வாடகை அறைகள், கடைசியில் ஒரு வெட்டவெளி. சில குருக்களே போஸ்கோவுக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று எண்ணி, பைத்தியக்கார மருத்துவமனைக்குக் கொண்டுபோக இருவரை வண்டியோடு அனுப்பினார்கள். விஷயத்தைப் புரிந்துகொண்ட போஸ்கோ, மரியாதையாக அந்த இருவரையும் முதலில் வண்டியில் ஏறச் சொல்லி, கதவைச் சாத்தி, வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டாராம்! 1846 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறன்று, வால்தொக்கோ பகுதியில் பினார்தி என்பவருடைய தாழ்ந்த கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. தலை இடிக்காமலிருக்கத் தரையைத் தோண்டி ஆழமாக்கி அதைக் கோயிலாக்கினார்கள். அலைச்சல் நின்றது.

தாயும் இரவு வணக்கமும்

அவ்வாண்டு ஜூலை மாதம் போஸ்கோ கடும் நோயில் விழுந்தார். கூலிவேலை செய்த சிறுவர்கள் உண்ணாமல் நோன்பிருந்து அவருக்காக வேண்டினார்கள். அவர் பிழைத்தார். உடல் தேற ஊருக்குப் போனவர் நவம்பர் மாதம் திரும்பும்போது தனியே வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதுத் தாய் மார்கரீத்தா, சொந்த வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு, மகனோடு துரினுக்கு நடந்தே வந்தார். தம் திருமண ஆடையைப் பூசைத் துணிகளாக மாற்றிக் கொடுத்தார். தோட்டம் போட்டார், கிழிசல் தைத்தார், சமைத்தார். ஒருமுறை பிள்ளைகள் போர் விளையாட்டு விளையாடித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கிவிட்டபோது, இனி ஊருக்கே போய்விடுகிறேன் என்று மனம் நொந்தார். மகன் பதில் பேசாமல் சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினார். தாயும் பதில் பேசாமல் அடுப்படிக்குத் திரும்பினார்.

1847ஆம் ஆண்டு மே மாதம் மழை கொட்டிய ஓரிரவில், நனைந்த உடையோடு ஓர் அநாதைச் சிறுவன் கதவைத் தட்டினான். அவனுக்குச் சூடாக உணவளித்து, சமையலறையிலேயே படுக்கை விரித்துக் கொடுத்த மார்கரீத்தா, அவன் தூங்கும்முன் உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் சில வார்த்தை சொன்னார். தொன் போஸ்கோவின் இல்லத்தில் தங்கிய முதல் மாணவன் அவனே. எங்கள் விடுதிப் பொறுப்பாளர் இரவில் பேசிய ஐந்து நிமிடத்துக்கு வேர் அந்தச் சமையலறையில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் வழக்கம், உலகமெங்கும் உள்ள பள்ளிகளின் வழக்கமாயிற்று. மார்கரீத்தா 1856 நவம்பர் 25ஆம் நாள் அந்த இல்லத்திலேயே காலமானார்.

இரவுப் பள்ளியும் அளவு முறையும்

பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக அவர் ஞாயிறு வகுப்பும் இரவு வகுப்பும் நடத்தினார். இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் அப்பகுதியில் ஊருக்கோர் அளவு, ஊருக்கோர் எடை. 1850ஆம் ஆண்டு முதல் பதின்ம அளவு முறையே செல்லும் என்று அரசு ஆணையிட்டது. மீட்டரும் கிலோகிராமும் தெரியாத கொத்தனும் சிற்றாளும் கடைக்காரனிடமும் மேஸ்திரியிடமும் ஏமாறுவார்கள் அல்லவா? தொன் போஸ்கோ 1849இல் பதின்ம முறையை எளிய நடையில் விளக்கிச் சிறு நூல் ஒன்று வெளியிட்டார். அதையே நகைச்சுவை உரையாடல்களாக எழுதிச் சிறுவர்களை மேடையில் நடிக்கவும் வைத்தார். என் பாட்டி இன்றும் படி, வீசை, பலம் என்றுதான் கணக்குச் சொல்வார். ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறு நூலின் நினைவு வரும். ஏழைக்கு அளவு தெரிவது அவனுக்குப் பாதுகாப்பு.

முத்திரைத்தாளில் எழுதிய அன்பு

தொழில் பழகும் சிறுவர்களை அவர் வேலைத்தலங்களுக்கே சென்று பார்ப்பார். பழகுநர் என்ற பெயரில் அவர்களை வீட்டு வேலைக்கும் எடுபிடிக்கும் பயன்படுத்துவதையும், அடிப்பதையும் கண்டார். கண்டித்துவிட்டு வந்தால் மறுநாள் பழைய கதைதான். எனவே அவர் ஒப்பந்தம் எழுதத் தொடங்கினார். 1852 பிப்ரவரியில் தச்சு வேலை பழக ஒரு சிறுவனைச் சேர்த்தபோது எழுதிய ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அரசு முத்திரைத்தாளில் முதலாளி, சிறுவன், அவன் தந்தை, போஸ்கோ ஆகியோர் கையெழுத்து. தவறு செய்தால் சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, தொழிலுக்குரிய வேலையைத் தவிர வேறு வேலை வாங்கக் கூடாது, சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை, குறித்த கூலி. அதே ஒப்பந்தத்தில் சிறுவனுக்கும் கடமை விதித்தார்: சொன்னதைக் கேட்டு, கவனமாக உழைக்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து இடுப்பொடிந்தபோது எனக்குப் பத்து வயது; அண்ணனுக்குப் பதினான்கு. ஒன்பதாம் வகுப்போடு அவர் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். முதலாண்டு முழுவதும் டீக்காசுதான் கூலி. முதலாளி வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கைதவறினால் ஸ்பேனராலேயே அடிபட்டார். அவருக்காக முத்திரைத்தாள் வாங்க யாருமில்லை. என்னை விடுதியில் சேர்க்க வேண்டும், படிப்பை நிறுத்தக் கூடாது என்று அம்மாவிடம் பிடிவாதமாகச் சொன்னவர் அந்த அண்ணன்தான்.

வெளியே அனுப்பி ஒப்பந்தம் எழுதுவதோடு போஸ்கோ நிற்கவில்லை. 1853இல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கும் பட்டறையையும் தையல் பட்டறையையும் தொடங்கினார். 1854இல் புத்தகம் கட்டும் பட்டறை, 1856இல் தச்சுப் பட்டறை, 1860களின் தொடக்கத்தில் அச்சகமும் இரும்புப் பட்டறையும் வந்தன. காப்பிக் கடையிலும் தையற்கடையிலும் கழிந்த மாணவப் பருவம் வீண்போகவில்லை. தொடக்கத்தில் தாமே ஊசி பிடித்துக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பள்ளிப் பின்கட்டின் தச்சுப் பட்டறைக்கும் தையல் எந்திரத்துக்கும் காரணம் இப்போது விளங்கும். கையால் உழைப்பவன் படிப்பவனுக்குக் கீழ்ப்பட்டவன் என்று அவர் எண்ணவில்லை. இருவருக்கும் ஒரே கூரை, ஒரே மைதானம், ஒரே இரவு வணக்கம்.

1854இல் துரின் நகரில் காலரா பரவியது. பெற்ற பிள்ளைகளே அஞ்சி ஓடிய நேரத்தில், தொன் போஸ்கோவின் மாணவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நோயாளிகளைத் தூக்கவும் துடைக்கவும் முன்வந்தார்கள். கைகளைக் காடியில் கழுவிக்கொள்ளும் தூய்மை விதிகளை அவர்களுக்குக் கற்பித்தே அனுப்பினார். வீட்டிலிருந்த விரிப்பு, துணி யாவற்றையும் மார்கரீத்தா நோயாளிகளுக்குக் கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. தெருப் பொறுக்கிகள் என்று பெயர் எடுத்தவர்களைத்தான் அன்று நகரமே நன்றியோடு பார்த்தது.

அவர் விட்டுச் சென்றது

தம் பணி தம்மோடு முடிந்துவிடாதபடி 1859 டிசம்பரில் தம்மிடம் வளர்ந்த இளைஞர்களைக் கொண்டே சலேசிய சபையைத் தொடங்கினார். 1872இல் மரிய மஸ்ஸரெல்லோவுடன் இணைந்து பெண் பிள்ளைகளுக்காகக் கன்னியர் சபை ஒன்றை நிறுவினார். 1875இல் அவருடைய மாணவர்கள் கடல் கடந்து அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். 1877இல் தம் கல்வி முறையை எழுதி வைத்தார். தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, தவறு நடக்காதபடி கூடவே இருப்பது மேல் என்பதே அதன் சாரம். அறிவு, சமயம், அன்பு மூன்றும் அதன் தூண்கள். கூடவே இருக்க வேண்டுமென்றால் மைதானத்தில் இல்லாமல் வேறெங்கே இருப்பது? 1888 ஜனவரி 31ஆம் நாள் விடியற்காலையில் தம் எழுபத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். 1934 ஏப்ரல் 1ஆம் நாள், ஈஸ்டர் திருநாளன்று, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய சபையார் நம் நாட்டுக்கு 1906இல் வந்தபோது முதலில் பணி தொடங்கிய இடம் நம் தஞ்சாவூர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த முதல் பணிகளில் ஒன்று அநாதைச் சிறுவர் இல்லம்.

அந்தோனியோவுக்கு ஒரு வார்த்தை

அந்தோனியோ என்ன ஆனார்? நாடகத்தில் அதற்கு இடமில்லை. அவர் திருமணம் செய்துகொண்டு, பிள்ளை குட்டிகளோடு அந்த மண்ணிலேயே உழைத்து, 1849இல் நாற்பது வயதளவில் இறந்துபோனார். தம்பியின் புகழ் கடல் தாண்டிப் போனதைப் பார்க்க அவர் இல்லை.

புத்தகத்தைப் பிடுங்கியது சரியென்று நான் சொல்ல வரவில்லை. மார்கரீத்தாவும் கலோசோவும் இல்லையென்றால் உலகம் ஒரு தொன் போஸ்கோவை இழந்திருக்கும். ஆனால் பஞ்சம் வந்த ஆண்டில் ஒன்பது வயதில் மண்வெட்டியைத் தூக்கிய பையனின் கையில் யாரும் புத்தகம் கொடுக்கவில்லை. அவனையும் ஒருவர் திரும்பக் கூப்பிட்டு, சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தால்? தொன் போஸ்கோ பிற்காலத்தில் தேடித் தேடிச் சேர்த்த பிள்ளைகள் எல்லாரும் அந்தோனியோக்கள்தாம் என்று எனக்குத் தோன்றுகிறது: தாய் தந்தையை இழந்தவர்கள், வயதுக்கு மீறிய வேலை செய்தவர்கள், அதனால் முரடரானவர்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பள்ளி வாயிற்கதவருகே என் அண்ணன் கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போதுதான் விடை தெரியும். அந்த நிலத்தை அந்தோனியோ உழுதார். எங்கள் நிலத்தை என் அண்ணன் உழுகிறார். வேறுபாடு என்னவென்றால், அவர் என் புத்தகத்தைப் பிடுங்கவில்லை, வாங்கிக் கொடுத்தார். அந்தோனியோவைவிட என் அண்ணனுக்குக் கோபப்படக் காரணம் குறைவாக இருந்ததில்லை.

முதல் பட்டதாரி என்று நாளை என் பெயருக்கு முன்னால் போடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. இந்தப் பட்டத்தில் பாதி ஒரு பட்டறையில் ஈட்டியது. அண்ணனுக்கு இப்போது இருபத்துநான்கு வயது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, சென்ற மாதம்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன். இரவு பட்டறை மூடியபின் ஒரு மணி நேரம் கணக்குப் பார்க்கிறோம். ஊருக்குப் போகாத நாட்களில் தொலைபேசியில் சொல்லித் தருகிறேன். பாடம் முடிந்ததும், எங்கள் விடுதியில் செய்தது போல, அன்று நடந்த ஏதாவது ஒரு செய்தியை ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் உறங்கப் போகிறோம். பெரும்பாலும் பேசுகிறவர் அவர்தான்.